சேணம் முதலில் யாருக்கு? சேர்வராயன் மலைக் குதிரைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏற்காட்டிலும் சேர்வராயன் மலையின் மற்ற ஊர்களிலும் சவாரிக்குக் குதிரை வைத்திருப்பவர்களுக்கும், காப்பித் தோட்டத்து விருந்தினர் விடுதியில் இரண்டு குதிரைகளைக் கட்டிவைத்தால் கூட்டம் வருமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும்,

குதிரை வாங்கும்போது பல்லைப் பிடித்து வயது பார்ப்பார்கள். காலைத் தூக்கிக் குளம்பைத் தட்டுவார்கள். கொஞ்ச தூரம் ஓடவிட்டு நடையைப் பார்ப்பார்கள். சுழி பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர் குறைவு. சேணம் மட்டும் இந்தச் சோதனை எதற்கும் உட்படுவதில்லை. குதிரையோடு சேர்ந்து வந்தால் லாபம். இல்லையென்றால் பழைய குதிரையின் சேணம் இருக்கவே இருக்கிறது. வண்டியிலிருந்து இறக்கிய அன்றே அதைத் தூக்கிப் புதியதின் முதுகில் போட்டு, வயிற்றுவாரை இழுத்துக் கட்டிவிட்டால் தொழில் தொடங்கியாயிற்று. இந்த மடல் அந்த ஒரு சாமானைப் பற்றியது.

சேணம் எப்படி உட்கார வேண்டும் என்பதை இந்தியச் சட்டம் 1965லேயே எழுதிவைத்திருக்கிறது. குதிரைக்காரர்களில் பலருக்கு இது தெரியாது. சோதனைக்கு வருகிற அதிகாரிகளுக்குத் தெரியுமா என்பதும் சந்தேகம்தான். விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்த ஆண்டு வந்த இழுவை, சுமை விலங்குகள் விதிகளில் ஒன்பதாவது விதி முழுக்கச் சேணத்துக்கானது. பிடரி மயிர் முடிகிற இடத்தில், இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவே மேடாகத் துருத்தி நிற்கும் எலும்பை இந்த மடலில் தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம். சேணத்தின் முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் இடையே போதிய இடைவெளி இல்லாமல், சாமான் நேரே அந்த எலும்பின்மேல் உட்காரும்படி யாரும் குதிரைக்குச் சேணம் பூட்டக் கூடாது என்கிறது விதி. அதே விதிகள் மட்டக்குதிரையின் முதுகில் ஏற்றும் சுமைக்கு 70 கிலோ என்றும், கோவேறு கழுதைக்கு 200 கிலோ என்றும், கழுதைக்கு 50 கிலோ என்றும் வரம்பு போட்டிருக்கின்றன. முள் வைத்த கடிவாளம் கூடாது. ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்குமேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வு விடாமல் ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

புண்ணோடு இருக்கும் விலங்கை வேலைக்குப் பூட்டுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி குற்றம். முதல் தடவை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஏற்காடு ஏரியில் படகேறக்கூட அது போதாது! ஆகவே சட்டத்தைக் காட்டி மிரட்ட இந்த மடல் வரவில்லை. பொருந்தாத சேணத்தால் உங்களுக்கு வருகிற நஷ்டம் அந்த 50 ரூபாயைவிடப் பல மடங்கு பெரியது. பேச்சு அதைப் பற்றித்தான்.

சேலம் சீமைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழையது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காலத்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. மேலே வந்தவர்கள் சொந்தக் காலை நம்பி வந்தார்கள், அல்லது குதிரையை, அல்லது சுமந்துவரும் ஆட்களின் தோளை. அப்போது சேலம் மாவட்டத்துக்குள் இருந்த ஓசூரில், மத்திகிரியில், 1824இல் தொடங்கிய பண்ணை ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கத்தான் வந்தது. இன்று அது அரசுக் கால்நடைப் பண்ணை.

தாமஸ் மன்றோவையும் விட்டுவிட முடியாது. 1792 முதல் 1799 வரை பாராமகாலிலும் சேலத்திலும் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராக இருந்தவர் அவர். 1842இல் அவர்தான் ஏற்காட்டைக் கண்டுபிடித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகள் பலவற்றில் அச்சாகியிருக்கிறது. மனிதர் 1827லேயே காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதை எழுதியவர்கள் யாரும் பார்க்கவில்லை. அவருடைய சிலை சென்னைத் தீவுத்திடல் அருகே 1839 முதல் நிற்கிறது. மன்றோ குதிரைமேல் கம்பீரமாக உட்கார்ந்திருக்கிறார், ஆனால் அடியில் சேணமும் இல்லை, காலுக்கு அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார் என்று சென்னையில் கதை உண்டு. அதே சிற்பி பிரான்சிஸ் சான்ட்ரி செய்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலை லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் சேணம் இல்லை, அங்கவடி இல்லை. ஆக, அது மறதியில்லை, அவருடைய பாணி. வெண்கலக் குதிரைக்கு முதுகுவலி வராது என்பதால் அவருக்கு அது செல்லுபடியானது.

உயிருள்ள குதிரையை வைத்துப் போருக்குப் போனவர்களுக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. சேணம் உண்டாக்கும் புண்களால் படைக்குதிரைகள் அணி அணியாக வேலைக்கு ஆகாமல் போனதைப் பார்த்துச் சலித்த பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவர் பிரெடரிக் ஸ்மித், சேணத்தையும் முதுகுப் புண்ணையும் பற்றியே 1891இல் தனியாக ஒரு கையேடு எழுதினார். 1912ஆம் ஆண்டு மாதிரிப் படைச் சேணத்தில் இரும்பு வளைவோடு சேர்ந்த பக்கப் பலகைகள் அசையும்படி செய்திருந்தார்கள். குதிரையின் முதுகு அகலமோ ஒடுக்கமோ, பலகை அதற்கேற்பச் சாய்ந்துகொள்ளும். படையெடுப்பில் குதிரை இளைக்க இளைக்க அடியில் போடும் கம்பளியின் மடிப்பை மாற்றிச் சரிக்கட்டும் முறையும் இருந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய சிப்பாய்க்குத் தெரிந்த இந்த விஷயம் இன்றைய சவாரித் திடல்களில் தொலைந்துபோயிருப்பதுதான் ஆச்சரியம்.

தொலைந்ததற்குக் காரணம் உண்டு. சொந்தக் குதிரையில் ஏறுபவருக்கு ஒரு குதிரை, ஒரு ஆள், ஒரு சேணம். இரண்டு பேருக்கும் பொருந்துவது கிடைக்கும்வரை தேடலாம். உங்கள் தொழிலில் குதிரை ஒன்று. ஏறுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு இருபது முப்பது பேர். ஆறு வயதுக் குழந்தை இறங்கினால் அடுத்து அதன் அப்பா ஏறுகிறார். எல்லாருக்கும் பொருந்தும் சேணம் உலகத்தில் இல்லை. அதனால் யாருக்கும் பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை என்ற இடத்துக்குத் தொழில் வந்து நின்றுவிட்டது. இங்கே முறையைத் திருப்பிப் போட வேண்டும். சேணத்தைக் குதிரைக்கு அளந்து வாங்குங்கள்; அங்கவடியை ஆளுக்கு ஆள் ஏற்றி இறக்குங்கள்; அதற்கும் பொருந்தாத ஆளை வேறு குதிரையில் ஏற்றுங்கள், அல்லது ஏற்றாதீர்கள். பதினைந்து நிமிடத்தில் இறங்கிப் போகிறவருக்குக் கொஞ்சம் வசதிக் குறைவு ஏற்பட்டால் போகட்டும். குதிரை அந்தச் சேணத்தைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை சுமக்கிறது.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குதிரையைச் சமதளத்தில் நிறுத்துங்கள். மலையில் சமதளம் தேடுவது சிரமம்தான், ஏரிக்கரைப் பக்கம் கிடைக்கும். நான்கு கால்களும் நேராக ஊன்றியிருக்க வேண்டும், தலை தொங்கவும் கூடாது, தூக்கிப் பிடிக்கவும் கூடாது. தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு விரல் பின்னால் ஒரு சாக்பீஸ் கோடு போடுங்கள். வளைத்தால் வளைந்த இடத்தில் நிற்கிற கம்பி ஒரு முழத்துக்கு மேல் எடுத்து, அந்தக் கோட்டின்மேல் முதுகைச் சுற்றிக் குறுக்காகப் பதியவைத்து, விரலால் அழுத்தி முதுகின் வடிவத்தை வாங்குங்கள். வளைவு கெடாமல் தூக்கி அட்டையில் வைத்துப் பென்சிலால் வரைந்து வெட்டினால் குதிரையின் முதுகு உங்கள் கையில். அந்த அட்டையைச் சேணத்தின் முன்வளைவுக்குள் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். அட்டையின் சரிவும் சேணத்துச் சட்டத்தின் சரிவும் ஒன்றுபோல் போக வேண்டும். அட்டை உள்ளே நுழையாமல் தொங்கினால் சேணம் ஒடுக்கம். லொட லொடவென்று ஆடினால் அகலம். கடைக்குப் போகும்போதும் குதிரையைக் கூட்டிப்போக வேண்டியதில்லை, அட்டை போதும். அதன்மேல் குதிரையின் பெயரையும் தேதியையும் எழுதிவைப்பது நல்லது. அடுத்த வருடம் அதே முதுகு அதே வடிவத்தில் இருக்காது.

இனிச் சேணத்தைப் போட்டுப் பார்ப்பது. விரிப்பு எதுவும் இல்லாமல், வெறும் முதுகில். கொஞ்சம் முன்தள்ளி வைத்து மயிர் படிந்திருக்கும் திசையிலேயே பின்னால் நகர்த்தினால் ஓரிடத்தில் தானாக அமர்ந்து நிற்கும். அதுதான் அதன் இடம். முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே நிமிர்த்திய இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். ஆள் ஏறிய பிறகும் இடைவெளி இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள், சோதனையில் பாதிப் பேர் கோட்டைவிடுவது அங்கேதான். பிறகு பின்னால் போய்க் குனிந்து சேணத்துக்கு அடியில் பாருங்கள். முதுகெலும்புக்குமேல் முன்னிருந்து பின்வரை வெளிச்சம் தெரிய வேண்டும். இரண்டு பக்க மெத்தைகளுக்கும் நடுவே உள்ள சந்து கடைசிவரை மூன்று நான்கு விரல் அகலத்துக்குக் குறையக் கூடாது. அடுத்து, உள்ளங்கையை மெத்தைக்கும் முதுகுக்கும் இடையே நுழைத்து, தோளிலிருந்து பின்னோக்கி மெல்ல இழுத்துக்கொண்டு போங்கள். கைமேல் படும் அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி இருந்தால் நல்ல சேணம். முன்னாலும் பின்னாலும் இறுக்கிப் பிடித்து நடுவில் கை தாராளமாகப் போய்வந்தால் அது பாலம் போட்டு நிற்கிறது என்று பொருள். ஏறுகிறவரின் எடை முழுவதும் நான்கு மூலைகளில் போய் நிற்கும். புண் அந்த நான்கு இடங்களில்தான் வரும்.

நீளமும் கணக்கில் உண்டு. குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்புகள். கடைசி விலா முதுகெலும்போடு சேரும் இடத்தைத் தாண்டிச் சேணம் போகக் கூடாது. அதற்குப் பின்னால் இருக்கும் இடுப்புப் பகுதிக்கு அடியில் விலாவின் தாங்கல் கிடையாது. பெரிய குதிரைக்குச் செய்த சேணத்தை மட்டக்குதிரைமேல் போட்டால் நிச்சயம் தாண்டும். முன்பக்கம் தோள்பட்டை எலும்பு. குதிரை முன்காலை நீட்டும்போது அந்த எலும்பின் மேல்பகுதி பின்னோக்கி நகரும். சேணம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு அடிக்கும் எலும்பு சட்டத்தில் இடிக்கும். குதிரை அடியைக் குறுக்கிக்கொள்ளும். 'சோம்பேறிக் குதிரை' என்று பெயர் வாங்கிய பல குதிரைகளுக்கு நோய் சோம்பல் இல்லை.

இறுக்கமான சேணத்துக்கு வைத்தியமாக அடியில் இன்னொரு கம்பளி, அதற்கும் கீழே ஒரு கோணிச்சாக்கு என்று அடுக்குவது வழக்கமாக இருக்கிறது. பிடிக்கிற செருப்புக்குள் இரண்டு காலுறை போட்டுக்கொண்டு நடந்தால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கும், இறுக்கம் கூடும். அகலமான சேணத்துக்குத் தற்காலிகமாக விரிப்பு உதவும், ஒடுக்கமானதற்கு ஒருபோதும் உதவாது. புண் வந்த இடத்துக்கு நேராக விரிப்பில் ஓட்டை வெட்டுவதும் வேலைக்காகாது. அழுத்தம் ஓட்டையின் விளிம்புக்கு நகரும், அங்கே புதுப் புண் வரும்.

குதிரை வாய் திறந்து சொல்லாதே தவிர, எழுதிக் காட்டுகிறது. ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். முதுகெலும்பின் மேலே காய்ந்திருப்பது சரி, அங்கே எதுவும் படக் கூடாதுதான். இரண்டு பக்கமும் வியர்வை ஒரே சீராக நனைத்திருக்க வேண்டும். சுற்றிலும் நனைந்து நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு இருந்தால், பெரும்பாலும் அந்த இடம் வியர்க்கக்கூட முடியாத அளவு நசுங்கியிருக்கிறது. தோள்மேட்டின் இரு பக்கமும் வெள்ளை மயிர் முளைத்திருந்தால் அது ராசிச் சுழி அல்ல. மயிர்க்கால் செத்துப் பிழைத்த தழும்பு. சந்தையில் குதிரை பார்க்கிறவர்கள் பல்லைப் பார்த்த கையோடு இதையும் பார்க்கலாம். வயிற்றுவாரை இழுக்கும்போது காதைப் பின்னுக்கு மடக்கிக் கடிக்க வருவதும், ஆள் ஏறும்போது முதுகைக் குழித்துக்கொள்வதும், பின்னங்காலால் வயிற்றை உதைத்துக்கொள்வதும் அதே கடிதத்தின் அடுத்த வரிகள். 'குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்' என்று குதிரைமேல் பழிபோடப் பழமொழி இருக்கிறது. அந்தக் குதிரையின் சேணத்தைக் கழற்றிப் பார்த்தவர் யார் என்று பழமொழி சொல்லவில்லை.

புண் என்றதும் இன்னொன்று. வீட்டு விலங்குகளில் ரணஜன்னி மிக எளிதில் தாக்குவது குதிரையைத்தான். மஞ்சள் தடவி ஈ வராமல் பார்த்துக்கொண்டால் போதாது. தடுப்பூசி இல்லாத குதிரைக்கு ஒரு சின்னச் சேணப்புண்ணே எமனாகலாம். ஒரு குதிரையின் விரிப்பை அடுத்த குதிரைக்குப் போடுவதால் படர்தாமரையும் தாராளமாகப் பரவும். ஏற்காட்டுப் பனியிலும் மழையிலும் விரிப்பு காய்வதே அபூர்வம் என்பதால் குதிரைக்கு இரண்டு விரிப்பாவது தனியாக வேண்டும்.

மலை என்பதால் மேட்டுப்பாளையத்திலோ மெரினாவிலோ இல்லாத ஒரு தொல்லை இங்கே உண்டு. ஏரியைச் சுற்றும்வரை பரவாயில்லை. லேடீஸ் சீட் பக்கமோ பகோடா முனைப் பக்கமோ சேர்வராயன் கோயில் மேட்டுக்கோ குதிரையைத் திருப்பினால், ஏற்றத்தில் சேணம் பின்னுக்கு வழுக்கும், இறக்கத்தில் தோள்மேல் வந்து ஏறும். தோள்மேடு அதிகம் தெரியாத, பீப்பாய் போல உருண்ட மட்டக்குதிரைகளில் இது இரட்டிப்புத் தொல்லை. ஒரு பக்கமாகச் சுழன்று ஆளோடு சரிந்துவிடும். உடனே என்ன செய்கிறார்கள்? வயிற்றுவாரை இன்னும் இரண்டு துளை இழுத்துக் கட்டுகிறார்கள். அதற்கென்று இருக்கும் சாமான்கள் வேறு: ஏற்றத்துக்கு மார்புவார், இறக்கத்துக்கு வாலடியில் போகும் வால்வார். வால்வாரின் உருண்டைப் பகுதி வழவழப்பாகவும் சுத்தமாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே புண் வரும். தருமபுரி மாவட்டம் கோட்டூர் மலைக்குத் தேர்தல்களின்போது வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை முதுகில் ஏற்றிப்போயிருக்கிறார்கள். செங்குத்து இறக்கத்தில் சுமை கழுத்துக்கு வராமல் நிறுத்துவது எப்படி என்று அந்தக் கழுதைக்காரர்களிடம் கேட்டால் பாடம் இலவசமாகக் கிடைக்கும்.

ஏறுகிறவர் பக்கம் வருவோம். அவருக்கும் சேணம் பொருந்த வேண்டும், அதுவும் கடைசியில் குதிரைக்காகத்தான். உட்கார்ந்த பிறகு அவருக்குப் பின்னால் சேணத்தின் பின்மேடுவரை ஒரு கை அகலம் மிச்சமிருந்தால் அளவு சரி. பெரிய உடம்பைச் சின்னச் சேணத்தில் திணித்தால் அவர் பின்மேட்டின்மேலேயே உட்காருவார். எடை முழுவதும் குதிரையின் முதுகின் பின்பக்கத்தில் போய் இறங்கும். இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் சூ டைசன் என்ற குதிரை மருத்துவர் நடத்திய சோதனையில் இது தெரிந்தது. ஆறு குதிரைகளில் நான்கு வெவ்வேறு எடையுள்ளவர்கள் மாறி மாறி ஏறினார்கள். அதிக எடையுள்ள இருவரும் ஏறியபோது குதிரைகள் நொண்டத் தொடங்கியதால் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது.

எவ்வளவு எடை தாங்கும் என்ற கேள்விக்கு அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2008இல் எட்டுக் குதிரைகளை வைத்துப் பார்த்த சோதனை ஒரு அளவுகோல் தருகிறது. குதிரையின் உடல் எடையில் 15, 20, 25, 30 விழுக்காடு என்று ஏற்றிப் பார்த்தார்கள். 25ஐத் தொட்டபோது இதயத் துடிப்பு தெளிவாகக் கூடியது, தசைவலியும் கூடத் தொடங்கியது. 20க்குள் நிறுத்துவது நல்லது என்ற பழைய குதிரைப்படைக் கணக்கு பொய்யில்லை. 250 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு 20 விழுக்காடு என்றால் 50 கிலோ, அதில் சேணத்தின் எடையும் அடக்கம். சேணம் ஏழெட்டுக் கிலோ என்றால் ஏறுகிறவருக்கு மிச்சம் 42, 43 கிலோதான். சட்டத்தின் 70 கிலோ இதைவிடத் தாராளம். அந்த 70ஐக்கூட, செல்பிக்காகக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறும் அப்பா தாண்டிவிடுகிறார். கிலோக் கணக்கில் காப்பிக்கொட்டை எடை போடும் ஊரில் ஒரு எடை இயந்திரம் வாங்கிக் கட்டணப் பலகைக்குப் பக்கத்தில் வைப்பது பெரிய செலவா? வருத்தப்படுகிறவர் கொஞ்சம் வருத்தப்படட்டும். பெரியவர்களுக்குப் பெரிய குதிரை இருந்தால் ஏற்றுங்கள். இல்லையென்றால் பக்கத்தில் நடந்துவரச் சொல்லிக் குழந்தையை மட்டும் ஏற்றுங்கள்.

அங்கவடிக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. அங்கவடி வார் சேணத்தில் மாட்டியிருக்கும் இடத்தில் விரல்நுனியை வைத்துக் கையை நீட்டினால், இழுத்துப் பிடித்த அங்கவடி அக்குளைத் தொட வேண்டும். ஏறுவதற்கு முன் கீழே நின்றபடியே பார்த்துவிடலாம், அரை நிமிட வேலை. இரும்பின் உள் அகலம் காலணியைவிட ஓர் அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். இறுக்கமாக இருந்தால் விழுகிறபோது கால் மாட்டிக்கொள்ளும், மிக அகலமாக இருந்தால் குழந்தையின் பாதம் முழுசாக நுழைந்து மறுபக்கம் வந்துவிடும். ரப்பர் செருப்போடு வரும் சுற்றுலாப் பயணிகள்தான் இதில் பெரிய ஆபத்து. குதிரை மிரண்டு ஓடும்போது அங்கவடியில் கால் மாட்டி இழுபடுவதுபோல் பயங்கரம் வேறில்லை. குழந்தைகளுக்குத் தனியாகச் சிறிய அங்கவடி ஒரு ஜோடி வாங்குங்கள். வாரில் நடுவே புதிதாகத் துளை போட்டுத் தருவதற்கும் செருப்புத் தைப்பவர் மலைமேலேயே இருக்கிறார்.

பிடித்துக்கொள்வதற்காகச் சேணத்தின் முன்பக்கம் இரும்பு வளையம் பொருத்துவது சவாரித் திடல்களின் சொந்தக் கண்டுபிடிப்பு. நல்ல யோசனைதான். ஆனால் அதன் திருகாணியின் முனை அடியில் எங்கே போய் நிற்கிறது என்று கைவிட்டுப் பாருங்கள்.

வாங்குவது எங்கே? ஆடி மாதத்தில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கு நீங்கள் எப்படியும் போவீர்கள். காட்டியவாரியும் மார்வாரியும் மட்டக்குதிரையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்றின் முதுகு இன்னொன்றின் முதுகுபோல் இருக்காது என்பதை அங்கேயே கையால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். நாட்டில் சேணம் செய்யும் பெரிய ஊர் கான்பூர். 19ஆம் நூற்றாண்டில் ராணுவத்துக்காகத் தொடங்கிய சேணத் தொழிற்சாலை அங்கே தோல் தொழிலுக்கு அடிபோட்டது. இன்றும் வெளிநாட்டுக்குப் போகும் இந்தியச் சேணங்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான். ஆனால் விலை மலிவு என்பதற்காக எடுக்கும் சேணத்தில் உள்ளே இருக்கும் சட்டம் கோணலாக இருக்கலாம். எடுத்ததும் தலைகீழாக மடியில் வைத்து, முன்னும் பின்னும் பிடித்து மெதுவாக அழுத்துங்கள். நடுவில் மடங்கினாலோ கிறீச்சிட்டாலோ சட்டம் உடைந்திருக்கிறது. இரண்டு பக்க மெத்தையும் ஒரே பருமனா என்று கண்ணுக்கு நேரே வைத்துப் பாருங்கள். ஐந்தாறு குதிரை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி, முன்வளைவு இரும்பை மாற்றிக்கொள்ளக்கூடிய செயற்கைத் தோல் சேணம். ஆஸ்திரேலியாவின் வின்டெக் சேணம் இந்த வகை. இரும்பை மாற்றினால் அகலம் மாறும், மழையில் நனைந்தாலும் எளிதில் பூஞ்சை பிடிக்காது. தோல் சேணம் என்றால் மழைக்காலத்தில் துடைத்து, எண்ணெயிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதலில் இற்றுப்போவது தையல் நூல், அறுந்துபோவது வயிற்றுவார். சட்டமே இல்லாத சேணம் எந்தக் குதிரைக்கும் பொருந்தும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். அதில் எடை அங்கவடி தொங்கும் இடத்தில் குவியும். நாள் முழுக்க ஆள் மாறி ஆள் ஏறும் தொழிலுக்கு அது வேண்டாம்.

செலவு என்று தயங்குகிறவர்கள் ஒரு பழைய கதையைக் கேட்க வேண்டும். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இந்த ஊர் அரசர்கள் வருடந்தோறும் ஆயிரக்கணக்கில் குதிரை இறக்குமதி செய்து கஜானாவைக் கரைக்கிறார்கள் என்று எழுதினார். வந்த குதிரைகள் நிலைக்கவில்லை. பேணத் தெரிந்த ஆளில்லை, லாடம் அடிக்கக்கூட ஆளில்லை என்பது அவர் சொன்ன காரணம். குதிரை விற்ற வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் கிடைத்திருக்க முடியாது. முதுகு புண்ணான குதிரை ஆறு வாரம் லாயத்தில் நின்றால் தீவனச் செலவு நிற்காது, வருமானம் நின்றுவிடும். அதுவும் மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கிற நேரமாகப் பார்த்து நின்றால், அந்த நஷ்டத்தில் புதுச் சேணமே வாங்கியிருக்கலாம்.

சேலம் மாவட்டத்துக்குள்ளேயே, தலைவாசலில், அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோடை விழாவுக்கு முன்பாக நீங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்தால், ஒரு நாள் முகாம் போட்டு ஒவ்வொரு குதிரையின் முதுகையும் பார்த்து, ரணஜன்னி ஊசியும் போடச் சொல்லிக் கேட்கலாம். முகாமுக்குப் போகும்போது குதிரையை மட்டும் ஓட்டிப்போகாதீர்கள், அது அன்றாடம் சுமக்கும் சேணத்தையும் விரிப்பையும் துவைக்காமல் அப்படியே எடுத்துப் போங்கள். அதற்கு முன்பே ஒன்று செய்துவிடலாம். இன்று சாயங்காலம் வேலை முடிந்து சேணத்தை இறக்கியதும், தண்ணீர் ஊற்றிக் கழுவுவதற்கு முன், முதுகில் காய்ந்த திட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இருந்தால் அந்தச் சேணத்தை நாளைக் காலை அந்தக் குதிரைமேல் போடாதீர்கள்.